குஞ்சியம்மாவின் அந்தரம்

குஞ்சியம்மா வருகிறார் என்பது எங்கள் வீட்டில் முதலில் கோழிகளுக்குத்தான் தெரியவரும். எங்கள் வளவுக்கும் அவர் வளவுக்கும் நடுவில் இருந்த கிடுகு வேலியில், ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. அதற்குள் அவர் தலையை விடுவதற்கு முன்பே குரல் முற்றத்துக்கு வந்துவிடும். கோழிகள் சிதறும். பிறகுதான் ஆள் வருவார்.

"அக்கா, கெதியா வா. மழை வரப்போகுது. மிளகாயை அள்ளு."

நாங்கள் எல்லோரும் எழுந்து ஓடி, பாயில் காய்ந்துகொண்டிருந்த செத்தல் மிளகாயை அள்ளி உள்ளே கொண்டுபோவோம். மழை வராது. பின்னேரம்வரை வெயில் கொளுத்தும். அடுத்த முறை அவர் சொல்லும்போதும் அள்ளுவோம். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க ஒருவராலும் முடியாது.

அம்மாவின் கடைசித் தங்கை அவர். அதனால் எங்களுக்குக் குஞ்சியம்மா. அவர் கணவர் குஞ்சியப்பு. எங்களூர் உரும்பிராயில் குஞ்சியம்மாவைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் குறைவு. அவருக்குப் பின்னால் எல்லோரும் சொன்ன பெயர் 'அந்தரம்'. பதற்றம், அவசரம், நெஞ்சு பொறுக்காமை மூன்றையும் ஒன்றாக அரைத்தால் வருவதற்கு எங்கள் பக்கத்தில் அதுதான் சொல். "அந்தரம் ஓடுது. எங்கையோ என்னவோ நடந்திட்டுது போலை" என்று சந்தியில் கதைப்பார்கள். அவர் தேங்காய் வாங்கப் போய்க்கொண்டிருப்பார்.

"உவள் எட்டாம் மாசமே பிறந்தவள்," என்பார் அம்மா. "வயித்துக்குள்ளையும் பொறுத்திருக்க ஏலாமல் போச்சு."

யாழ்ப்பாணத்துக்குப் பஸ்ஸில் போவதென்றால் குஞ்சியம்மா விடியவே வெளிக்கிட்டு நிற்பார். தூரத்தில் எது தெரிந்தாலும் கையை நீட்டுவார். ஒருமுறை வெங்காயம் ஏற்றிய லொறி ஒன்று அவருக்காக நின்றிருக்கிறது. ஏறியும் போயிருக்கிறார். "சாரதி நல்ல பெடியன், ஆஸ்பத்திரிச் சந்தியிலையே இறக்கிவிட்டவன்" என்று வந்து பெருமையாகச் சொன்னார். குஞ்சியப்புதான் அன்று பின்னேரம் பஸ்ஸில் ஆறுதலாகப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். குஞ்சியப்பு சங்கக்கடை மனேஜர். எதைச் சொன்னாலும் "பாப்பம்" என்பார். வீட்டுக் கூரையில் நெருப்புப் பிடித்தாலும் அதைத்தான் சொல்வார் என்பது குஞ்சியம்மாவின் நிரந்தரக் குற்றச்சாட்டு. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் அவர் தன்னுடையவர்கள் என்றே நினைத்திருந்தார். எங்களுக்காக அந்தரப்படுகிற உரிமையும் தனக்கே என்று நினைத்திருந்தார்.

அவருடைய அந்தரம் முழுதாகப் பூத்துக் குலுங்குவது கரப்பந்தாட்டத்தில்.

வாசிகசாலை மைதானம் அவர் வளவின் பின்வேலிக்கு அப்பால் இருந்தது. என் தம்பிமார் இரண்டு பேரும் ஊர் அணியில் விளையாடினார்கள். மூத்தவன் நாதன் உயரம், வலைக்கு மேலே எழும்பி அடிப்பான். இளையவன் வரதன் கட்டை, பந்தை நிலத்தில் விழவிடமாட்டான். அந்தக் காலத்தில், எழுபதுகளின் நடுவில், பெண்கள் மைதானத்துக்குப் போய் ஆட்டம் பார்க்கிற வழக்கம் எங்களூரில் இல்லை. குஞ்சியம்மா அதற்காக ஆட்டம் பார்க்காமல் இருந்துவிடுவாரா? உரலைக் கவிழ்த்து வேலியோரம் வைத்து அதில் ஏறி நிற்பார். கிடுகுக்கு மேலே தலை மட்டும் தெரியும்.

"எழும்பு நாதன், எழும்பு. ஐயோ பிந்திப்போனாய். வரதன், பின்னாலை, பின்னாலை."

அணித்தலைவன் சொல்வது கேட்காது, இந்தச் சத்தம் கேட்கும். ஒருநாள் ஏதோ ஒரு நல்ல அடிக்கு இரண்டு கைகளையும் தூக்கினார். உரல் உருண்டது. கிடுகு வேலி அப்படியே அவரோடு மைதானத்துக்குள் சாய்ந்தது. ஆட்டக்காரர் எல்லோரும் அசையாமல் நின்றுவிட்டார்கள். அவர் கிடுகுக்கு மேலே எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, "ஏன் நிக்கிறியள், அடியுங்கோவன்" என்றாராம். அந்தக் கதையைச் சொல்லாத ஆள் ஊரில் இல்லை.

நான் சொல்ல வந்தது, நீர்வேலி அணியோடு எங்களூர் இறுதியாட்டம் ஆடவிருந்த கிழமையில் நடந்ததை.

நான் அப்போது அம்மா வீட்டில் இருந்தேன். என் கணவருக்குக் கொழும்பில் உத்தியோகம். மாதத்துக்கு ஒருமுறை மெயில் ரயிலில் வந்துபோவார். மகள் சுமதிக்கு ஒன்றரை வயது. ஊர் முழுக்க அந்த ஆட்டத்தின் பேச்சுத்தான். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று, வலையை இழுத்துக் கட்டிப் பார்த்தாயிற்று, வாசிகசாலை மேசையில் கப் வந்து அமர்ந்தாயிற்று. அதைத் துடைப்பதற்கே ஆட்கள் முறைவைத்துக்கொண்டு நின்றார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரதன் பயிற்சியிலிருந்து பாதியில் வந்தான். முகம் வெளுத்திருந்தது. கிணற்றடியில் குந்தியிருந்து சத்தி எடுத்தான்; காலையில் தின்றதெல்லாம் வெளியே வந்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கக்கூசுக்கு ஓடினான். எங்கள் வீட்டில் கக்கூஸ் ஒன்றுதான், வளவின் கடைசியில், பனைகளுக்குப் பக்கத்தில். அன்று பொழுதுபட முன்னர் அந்தப் பாதை வழியாக அவன் போய்வந்த வேகத்தை மைதானத்தில் ஒருநாளும் கண்டதில்லை.

அடுத்தநாள் நாதனுக்கு. அதற்கடுத்து அம்மாவுக்கும் எனக்கும் ஒரேநேரத்தில். அப்பாவை நாங்கள் ஐயா என்போம்; ஐயாவுக்கு மட்டும் என்ன காரணமோ அது வரவில்லை. அவர் வாசிகசாலைத் தலைவர். கப்புக்குப் பக்கத்திலேயே இருந்தார்.

குஞ்சியம்மா பொட்டுக்குள்ளால் வந்து நின்று பார்த்தார். விறாந்தையில் ஒரு பாயில் நாதன், ஒரு பாயில் வரதன், அறைக்குள் அம்மா, வாசற்படியில் நான். பயத்தில் அவர் கண்கள் பெரிதாகின. ஆனால் பயத்தோடு சேர்ந்து வேறொன்றும் அந்தக் கண்களில் இருந்தது. இவ்வளவு காலமும் சேமித்துவைத்த அவசரத்துக்கெல்லாம் ஓரிடம் கிடைத்துவிட்ட பிரகாசம் அது.

"ஒருத்தரும் எழும்பக்கூடாது," என்றார். எழும்ப ஒருவருக்கும் பலம் இருக்கவில்லை.

சந்தியில் மருந்துக்கடை வைத்திருந்த டொக்டரைக் கூட்டிவர ஐயாவை விரட்டினார். ஐயா சட்டை போட்டுக்கொண்டு நிற்கும்போதே தானே போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். டொக்டர் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"இது ஒரு வைரஸ். ஊரிலை கனபேருக்கு இருக்கு. பெரிசா மருந்தில்லை, நாலைஞ்சு நாளிலை தானாய் அடங்கும். தண்ணி மட்டும் விடாமல் குடுங்கோ. கஞ்சித் தண்ணி, இளநீர், எதெண்டாலும் சரி. கையளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கோ."

அவர் சொன்னது அவ்வளவுதான். குஞ்சியம்மா அதைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கண்ணைத் திறந்தவர் முன்னால் ஒரு செம்பு நீட்டப்பட்டது. அடுப்பில் எந்நேரமும் கஞ்சி. சீனி கூப்பனில் வருகிற காலம். தீபாவளிக்கென்று பானைக்குள் ஒளித்து வைத்திருந்த சீனியைக் கொண்டுவந்து கஞ்சித் தண்ணிக்குள் உப்போடு கொட்டினார். அது முடிந்ததும் பனங்கட்டி போட்டார். குஞ்சியப்பு செவ்விளநீர்க் குலையைத் தோளில் சுமந்துகொண்டு மெதுவாக வந்தார். "கெதியா வாங்கோவனப்பா, இஞ்சை சீவன் போகுது" என்ற குரல் வாசல் படலைவரை கேட்டது. அவர் கத்தியை எடுத்து ஒவ்வொன்றாக, வடிவாக, கண் பார்த்துச் சீவினார்.

"குஞ்சியம்மா, இப்பதானே குடிச்சனான்," என்பான் நாதன்.

"அது போயிட்டுதே. இது வேறை. குடி."

"சத்தி வருது."

"வரட்டும். அதுக்குப் பிறகு குடி."

கக்கூசுக்குப் போகிறவனுக்குப் பின்னாலேயே செம்போடு போவார். உள்ளே இருக்கிறவனிடம் வெளியே நின்று, "இப்ப எப்பிடி? தண்ணியாயோ, கொஞ்சம் இறுகிச்சோ?" என்று ஊருக்கே கேட்கும்படி விசாரிப்பார். வரதன் வெட்கத்தில் பதில் சொல்லமாட்டான். "சொல்லுடா, பிறகு நான் என்னெண்டு அறியிறது?" வேலிக்கு வெளியே ஒழுங்கையில் போனவர்கள் நின்று சிரித்துவிட்டுப் போவார்கள்.

கையைக் கழுவச் சொன்ன வார்த்தையையும் அவர் அந்த அளவில் விட்டுவிடவில்லை. பாய், தலையணை உறை, கரண்டி, செம்பு, படலைக் கொளுக்கிவரை கொதிதண்ணீரில் குளித்தன. வெள்ளிக்கிழமை காலை விறாந்தை மூலையில் கிடந்த பந்து அவர் கண்ணில் பட்டது.

"இதைத்தானே எல்லாரும் கை மாறிக் கை மாறித் தொடுறவங்கள்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். எங்களுக்கு அது கேட்டது, ஆனால் விளங்கவில்லை. சற்று நேரத்தில் கிணற்றடியிலிருந்து ஆவி எழும்பியது. நாதன் தலையைத் தூக்கிப் பார்த்தான். பாயிலிருந்து எழுந்து அவன் தள்ளாடி ஓடியதுதான் அந்தக் கிழமையில் அவனுடைய முதல் ஓட்டம். அண்டாவுக்குள் கொதிதண்ணீரில் தோற்பந்து மிதந்துகொண்டிருந்தது. சவர்க்கார நுரை வேறு.

வெயிலில் காயவைத்து எடுத்தபோது அது பூசணிக்காயின் வடிவத்துக்கு வந்திருந்தது. அணியிலிருந்த பெடியள் எல்லோரும் வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். குஞ்சியம்மாதான் பேசினார்.

"ஆருக்கும் வயித்தாலை அடிக்காமல் இருக்கவேணுமெண்டுதான் செய்தனான். ஞாயிற்றுக்கிழமை நீர்வேலிப் பெடியள் புதுப் பந்து கொண்டு வருவாங்கள்தானே? அதாலை விளையாடுங்கோ. இந்தா, எல்லாரும் ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டுப் போங்கோ."

குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

சனிக்கிழமை எங்களுக்கெல்லாம் வயிறு அடங்கத் தொடங்கிவிட்டது. நாதன் எழுந்து நடந்தான். வரதன் சோறு கேட்டான். குஞ்சியம்மா ஒழுங்கையில் இறங்கி வீடுவீடாக அந்தச் செய்தியைச் சொல்லிக்கொண்டு போனார். "ரெண்டு பேரும் விளையாடுவாங்கள். நான் சொல்லுறன், விளையாடுவாங்கள்."

ஞாயிறு காலை சுமதி பால் குடிக்க மறுத்தாள்.

முதலில் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. எங்களுக்கு வந்து போனதுதானே, அவளுக்கும் வந்து போகும் என்று நினைத்தேன். மத்தியானத்துக்குள் அவளுக்குப் பலமுறை வயிற்றாலே போய்விட்டது. எதைக் குடித்தாலும் கக்கினாள். அம்மா படுத்தபடியே, "பிள்ளையின்ரை வயித்தைக் கொஞ்சம் ஆறவிடு, குடுக்கக் குடுக்கத்தான் போகும்" என்றார். ஐயா, "ஆட்டம் முடிய டொக்டரைக் கூட்டிவாறன்" என்று சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு போனார். தம்பிமார் ஏற்கெனவே போய்விட்டார்கள். குஞ்சியப்பு "பாப்பம்" என்றுவிட்டு அவர்களுக்குப் பின்னால் போனார். எல்லோரும் நல்லவர்கள்தான். ஒருவருக்கும் அது ஆபத்தாகத் தெரியவில்லை.

குஞ்சியம்மா மட்டும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அசையாமல் இருந்தார். ஒரு கையில் கஞ்சித் தண்ணிக் கோப்பை, ஒரு கையில் சின்னக் கரண்டி. ஒரு கரண்டி கொடுப்பார். பிள்ளை கக்கும். வாயைத் துடைத்துவிட்டுச் சற்றுப் பொறுப்பார். இன்னொரு கரண்டி கொடுப்பார்.

பின்வேலிக்கு அப்பால் விசில் சத்தம் கேட்டது. ஊர் திரண்டு ஆரவாரித்தது. எத்தனையோ மாதமாக அவர் காத்திருந்த ஆட்டம் தொடங்கிவிட்டது.

"பிள்ளை, நீ உரலிலை ஏறிப் பாத்துச் சொல்லு," என்றார் என்னிடம்.

அவர் வளவுக்குப் போய் உரலில் ஏறினேன். முதல் செற் எங்களுக்கு. ஓடி வந்து சொன்னேன். தலையை ஆட்டினார், கண் பிள்ளையிலேயே இருந்தது. இரண்டாவது செற் நீர்வேலிக்கு. அதையும் வந்து சொன்னேன்.

"விடு அதை," என்றார். "இவள் கடைசியாய் எப்ப மூத்திரம் பெய்தவள்?"

எனக்கு நினைவு வரவில்லை. காலையில் துணி மாற்றியபோது வயிற்றாலே போனது மட்டுமே இருந்தது. அவர் சுமதியின் கன்னத்தைத் தட்டினார். பிள்ளை கண்ணைத் திறந்தாள், பார்த்தாள், ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. கண்கள் உள்ளே போயிருந்தன. அழுதாள், கண்ணீர் வரவில்லை. அப்போதுதான் எனக்கு ஆபத்து விளங்கியது.

"எழும்பு," என்றார் குஞ்சியம்மா. "ஆஸ்பத்திரிக்குப் போறம்."

"எதிலை போறது? எல்லாரும் அங்கையெல்லோ நிக்கினம்?"

"அங்கைதான் போறம்."

கஞ்சித் தண்ணியை ஒரு போத்தலில் வார்த்து இடுப்பில் செருகிக்கொண்டார். கரண்டியையும் செருகினார். பிள்ளையைத் தோளில் போட்டார். படலையால் சுற்றிப் போனால் நேரம் போகும் என்று தன் வளவின் பின்வேலிக்கே போனார். ஒரு கையால் கிடுகைப் பிடித்து இழுத்தார், காலால் உதைத்தார், மட்டையை முறித்தார். அந்த ஓட்டைக்குள்ளால் நாங்கள் மைதானத்துக்குள் இறங்கினோம்.

மூன்றாவது செற். பந்து வானத்தில் நின்றது. நாதன் அடிக்க எழும்பியிருந்தான். அவனுக்கும் வலைக்கும் நடுவில், சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே, பிள்ளையோடு குஞ்சியம்மா போய் நின்றார். பந்து ஒருவரும் தொடாமல் விழுந்து உருண்டது.

நடுவர் விசிலை நீளமாக ஊதினார். "அம்மா, ஆட்டம் நடக்குது. வெளியிலை போங்கோ."

"ஆட்டத்தை நிப்பாட்டுங்கோ தம்பி. செல்லையா அண்ணை எங்கை? பிள்ளைக்குக் கடுமை."

செல்லையா அண்ணையின் ஏ-நாற்பது கார்தான் எங்கள் குறிச்சியில் வாடகைக்கு ஓடிய ஒரே கார். அவர் கூட்டத்துக்குள் எங்கோ நின்றார். அவர் வெளியே வருவதற்குள், பின்னால் சனத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "தோக்கப்போறம் எண்டு தெரிஞ்சு பொம்பிளையை விட்டுக் குழப்புறாங்கள்."

குஞ்சியம்மா திரும்பினார். அவ்வளவு சனத்துக்கு நடுவில் ஒரு பெண் அப்படி நின்று கதைத்ததை அந்த மைதானம் அதுவரை கண்டதில்லை.

"ஆரப்பா அது? கப் வேணுமெண்டால் இப்பவே தூக்கிக்கொண்டு போ. எனக்குக் காரைத் தா."

நீர்வேலி அணித்தலைவன், மீசை அரும்பிய நெட்டைப் பெடியன், வலைக்குக் கீழால் குனிந்து இந்தப் பக்கம் வந்தான். சுமதியின் முகத்தைப் பார்த்தான். பந்தை எடுத்து நடுவரின் கையில் கொடுத்துவிட்டு, தன் ஆட்களைப் பார்த்து, "காரடிக்கு ஓடுங்கோடா" என்றான்.

செல்லையா அண்ணை வந்து சாவியைத் திருகினார். கார் இருமியது, நின்றது. மறுபடி இருமியது. குஞ்சியம்மா பின் ஆசனத்தில் பிள்ளையோடு இருந்து கதவை அடித்தார். "தள்ளுங்கோ." உரும்பிராய்ப் பெடியளும் நீர்வேலிப் பெடியளும் தோளோடு தோள் சேர்த்துத் தள்ளினார்கள். ஐயா தள்ளினார். நடுவர் வாயில் விசிலோடு தள்ளினார். குஞ்சியப்பு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளுவதைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். பலாலி வீதியில் ஏறும்போது இயந்திரம் பிடித்துக்கொண்டது. பின்னால் பெரிய ஆரவாரம் கேட்டது. அன்று அந்த மைதானத்தில் எழுந்த மிகப் பெரிய ஆரவாரம் அதுதான்.

கோண்டாவிலுக்குக் கிட்டப் புகையிலை ஏற்றிய வண்டில் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு போனது. குஞ்சியம்மா ஜன்னலுக்கு வெளியே அரைவாசி உடம்பை விட்டு, "விலத்து, விலத்து, பிள்ளை சாகுது" என்று கத்தினார். 'சாகுது' என்ற சொல் என் காதுக்குள் இடித்தது. மாட்டுக்காரர் மாடுகளை ஒழுங்கைக்குள் திருப்பியே விட்டார். திருநெல்வேலிச் சந்தைக்கு முன்னால் சைக்கிள்களையும் குஞ்சியம்மா அப்படியே கத்திக் கலைத்தார்.

"அக்கா, காரை நான் ஓடுறனோ, நீங்கள் ஓடுறியளோ?" என்றார் செல்லையா அண்ணை.

"ஆர் ஓடினாலும் பரவாயில்லை, கெதியா ஓடட்டும்."

ஆனால் இந்தக் கூச்சல்களுக்கு இடையிலும் அவருடைய கரண்டி நிற்கவில்லை. கார் குலுங்கக் குலுங்க, போத்தலிலிருந்து வார்த்து வார்த்துப் பிள்ளையின் உதட்டுக்குள் விட்டுக்கொண்டே வந்தார். பாதி சேலையில் சிந்தியது. மீதி உள்ளே போனது. நான் அவர் மடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேசிக்கொண்டே இருந்ததால்தான் நான் மயங்கிவிழாமல் இருந்தேன் என்று பிறகு நினைத்ததுண்டு.

பெரியாஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் பார்த்தார். "எப்ப தொடங்கினது?" என்று அவர் கேட்க, குஞ்சியம்மா செவ்வாய்க்கிழமை வரதன் சத்தி எடுத்ததிலிருந்து தொடங்கி, பந்து அவித்தது உட்பட எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். டொக்டர் குறுக்கிடவில்லை, அதற்குள் ஊசி ஏற்ற நரம்பு தேடி முடித்துவிட்டார்.

"உடம்பிலை தண்ணி வத்திப்போச்சு. சேலைன் ஏத்துறம்," என்றார் என்னிடம். "வழியிலையும் தண்ணி குடுத்துக்கொண்டு வந்தது நல்லது. இனிப் பிள்ளை மூத்திரம் பெய்யவேணும். பெய்தாப் பயமில்லை. உடனை எனக்குச் சொல்லுங்கோ."

அன்றைய பின்னேரம் முழுவதும் குஞ்சியம்மா கட்டிலோரம் இருந்து சேலைன் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு துளி விழும். சற்றுப் பொறுத்து இன்னொரு துளி. அவருக்கு அது பொறுக்கவில்லை. தாதியை இரண்டு தரம் கூப்பிட்டு, "இதைக் கொஞ்சம் கெதியா விழச் செய்ய ஏலாதோ பிள்ளை?" என்று கேட்டார். தாதி, "அம்மா, அது அப்பிடித்தான் விழவேணும். நீங்கள் கொஞ்சம் போய்த் தேத்தண்ணி குடியுங்கோ" என்றார். போகவில்லை. பிள்ளையின் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். காய்ந்தே இருந்தது.

பொழுதுபடும் நேரம் தம்பிமார் விளையாடிய உடுப்போடேயே சைக்கிளில் வந்தார்கள். ஆட்டம் அப்படியே நிற்கிறது என்றார்கள். உரும்பிராய் ஆட்டத்தை விட்டுப்போனதால் கப் தங்களுக்கு என்று நீர்வேலி கேட்டிருக்கலாம். அவர்கள் கேட்கவில்லை. பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு முதலிலிருந்து ஆடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம்.

அந்த மறு ஆட்டத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த ஞாயிறு நடந்தது. பெடியள் குஞ்சியம்மாவுக்கென்று மைதானத்துக்குள்ளேயே, முன்வரிசையில், கதிரை ஒன்று போட்டிருந்தார்கள். அன்று அவர் கதிரைக்கு வரவில்லை. எங்கள் எல்லோருக்கும் வந்தது கடைசியில் அவருக்கும் வந்துவிட்டது. மைதானத்திலிருந்து விசில் கேட்கும்போதெல்லாம் அவருடைய கக்கூசுக்குள்ளிருந்து "இப்ப எத்தினை?" என்று குரல் வந்தது. வெளியே செம்போடு நின்றவர் குஞ்சியப்பு. ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். அதை அவரிடம் போய்ச் சொல்ல ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

அது பிறகு நடந்தது. ஆஸ்பத்திரியில் அந்த இரவு ஒருவிதமாகக் கழிந்தது. சுமதி கக்குவது நின்றிருந்தது; ஆனால் துணி காய்ந்தபடியே இருந்தது. திங்கட்கிழமை காலை, குழாயடியில் முகம் கழுவி, சுடுதண்ணீர்ப் போத்தலை நிரப்பிக்கொண்டு நான் வார்டுக்குத் திரும்பி வந்தேன். வாசலில் ஐயாவும் குஞ்சியப்புவும் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அந்த நீர்வேலி அணித்தலைவன், கையில் பெரிய கதலிச் சீப்பு ஒன்றோடு. பிள்ளையைப் பார்க்க அவ்வளவு தூரம் சைக்கிளில் வந்திருக்கிறான்.

அப்போது உள்ளேயிருந்து குஞ்சியம்மாவின் குரல் வந்தது.

"போயிட்டாள். டொக்டர், போயிட்டாள். ஐயோ, என்ரை பிள்ளை போயிட்டாள்."

ஐயா சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெடியன் கையிலிருந்து வாழைப்பழங்கள் நிலத்தில் விழுந்தன. எனக்குச் சுற்றிவர எல்லாம் வெளுத்துப்போயிற்று. நான் எப்படி அந்த வார்டுக்குள் ஓடினேன் என்று தெரியாது. கட்டில்களில் இருந்த தாய்மார் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒருத்தி தன் பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டாள். மூலையில் இருந்த டொக்டர் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

குஞ்சியம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தலை கலைந்து, கண்ணால் நீர் ஓட, முகம் முழுக்கச் சிரிப்பாக. அவர் கையில் சுமதி கண்ணை விழித்துக்கொண்டு, இவ்வளவு சத்தமும் ஏன் என்று விளங்காமல், உதட்டைப் பிதுக்கி அழத் தொடங்கியிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. குஞ்சியம்மாவின் சேலை இடுப்பிலிருந்து கால்வரை நனைந்திருந்தது.

"ஏன் எல்லாரும் இப்பிடிப் பாக்கிறியள்?" என்றார். "மூத்திரம் போயிட்டாள் எண்டெல்லோ சொல்லுறன்?"

டொக்டர் மூச்சை விட்டார். கட்டில்களில் இருந்த தாய்மார் சிரிக்கத் தொடங்கினார்கள். நான் பிள்ளையை வாங்க வேண்டும் என்று கையை நீட்டினேன். அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். தாதி ஓடிவந்து, "அம்மா, அந்தச் சேலையை மாத்துங்கோ" என்றார்.

"பொறு பிள்ளை," என்றார் குஞ்சியம்மா. நனைந்த முந்தானையை இரண்டு கைகளாலும் எங்கள் பக்கம் விரித்துப் பிடித்தார். "எல்லாரும் வாங்கோ. கெதியா வந்து தொட்டுப் பாருங்கோ. இன்னும் சூடாய் இருக்கு."

நாங்கள் ஒவ்வொருவராகப் போய்த் தொட்டோம். நீர்வேலிப் பெடியனும் தொட்டான்.